பிலிப்பைன்ஸ் வாள்களும் செதுக்குப் பிடிகளும்: பெயரிடலின் வரலாறு

பிலிப்பைன்ஸ் தீவுக்கூட்டத்தின் மரபான வாள்கள் கம்பிலான், கலிஸ், பாரோங், பனாபாஸ், பிரா, தாலிபோங், தெனெக்ரே, கினுந்திங், பினுத்தி, மினஸ்பாத் எனப் பல பெயர்களால் அறியப்படுகின்றன. 7,641 தீவுகள் கொண்ட அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. வாளுக்குரிய சொல் மொழிக்கு மொழி மாறுகிறது. ஒரே சொல் இரு தீவுகளில் இரு வேறு கருவிகளைக் குறிக்கிறது. ஒரே வாளுக்கு அடுத்தடுத்த மாகாணங்களில் வெவ்வேறு பெயர்கள் உள்ளன. ஆகவே, பழைய வாள் ஒன்றின் பெயரையும் ஊரையும் சொல்வது எளிய வேலை அன்று.

இவ்வாள்களில் பெருமளவு இன்று அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருக்கிறது. அவற்றுள் பல போர்க்களத்தில் எடுக்கப்பட்டவை அல்லது ஆயுதப் பறிமுதலின்போது ஒப்படைக்கப்பட்டவை. எடுத்தவர் என்ன பெயர் எழுதினாரோ அதுவே பதிவேட்டில் நிலைத்தது. வாளைச் செய்தவர் யார், எந்த மக்களின் கையில் அது இருந்தது என்பன எழுதப்படவில்லை. அந்தத் தகவலை மீட்க இப்போது எஞ்சியிருக்கும் சான்று வாள்தான். அதிலும் அலகைவிடப் பிடியே அதிகம் சொல்கிறது.

போலோ என்னும் பொதுப்பெயர்

பிலிப்பைன்ஸ் வெட்டுக்கத்தி எதற்கும் வெளியுலகம் வைத்த பெயர் போலோ. தென்னைமரத் தோப்பிலும் நெல்வயலிலும் அன்றாடம் பயன்படும் கத்தியும் போலோ, போருக்கென்றே அடிக்கப்பட்ட நீண்ட வாளும் போலோ. தமிழகத்தில் வீச்சரிவாள், பாளை அரிவாள், கொடுவாள், வெட்டுக்கத்தி எல்லாவற்றையும் ஒருவர் 'கத்தி' என்று மட்டும் எழுதிச் சென்றால் என்ன இழப்பு நேருமோ அதே இழப்பு இங்கும் நேர்ந்தது. தகலோக் மொழியில் இத்தகைய கத்திக்கு இதாக், குலோக் என்று பெயர். இலோகானோ மொழியில் புனெங், கபம்பாங்கன் மொழியில் பலாங், செபுவானோ மொழியில் சுந்தாங், ஹிலிகாய்னோன் மொழியில் பினாங்கோன்.

போலோ என்ற சொல்லை உலகறியச் செய்தவை அமெரிக்கப் படையின் அறிக்கைகள். 1898இல் ஸ்பெயினிடமிருந்து தீவுகளைப் பெற்ற அமெரிக்கா 1899 முதல் பிலிப்பினோ விடுதலைப் படையோடு போரிட்டது. துப்பாக்கி குறைவாக இருந்த பிலிப்பினோக்கள் பல மோதல்களில் வெட்டுக்கத்தியோடு களமிறங்கினர். 1901 செப்டம்பர் 28 அன்று சாமார் தீவின் பலாங்கிகா ஊரில் காலை உணவு வேளையில் நடந்த தாக்குதலில் 48 அமெரிக்கப் படையினர் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் ஊரார். அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் உழைப்புக்கான கத்திகளே. அதன்பின் சாமாரில் அமெரிக்கப் படை நடத்திய பழிவாங்கலில் ஊர்கள் எரிக்கப்பட்டன. போலோ என்ற சொல்லுக்கு அமெரிக்கச் செய்தித்தாள்களில் அச்சம் ஏறியது இக்காலத்தில்தான். அமெரிக்கப் படையே சில ஆண்டுகளில் அக்கத்தியின் வடிவைத் தழுவி 1909 மாதிரி போலோ என்ற கத்தியைத் தன் வீரர்களுக்கு வழங்கியது.

பலாங்கிகாவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட 3 தேவாலய மணிகளின் கதை இங்கே நினைக்கத்தக்கது. இரண்டு மணிகள் வயோமிங் மாநிலத்தின் விமானப்படைத் தளத்திலும் ஒன்று தென்கொரியாவில் இருந்த அமெரிக்கப் படைப்பிரிவிடமும் இருந்தன. 117 ஆண்டுகளுக்குப் பிறகு 2018 டிசம்பரில் அவை பலாங்கிகாவுக்குத் திரும்பின. எந்த ஊரின் எந்தக் கோபுரத்துக்கு உரியவை என்று தெரிந்திருந்ததால் அவற்றைக் கேட்க முடிந்தது. 'போலோ, பிலிப்பைன்ஸ் தீவுகள்' என்ற சீட்டோடு கிடக்கும் வாளைக் கேட்க எந்த ஊரும் இல்லை.

ஏடுகளில் கிடைக்கும் பழைய பெயர்கள்

பிலிப்பைன்ஸ் ஆயுதங்களின் பெயர்களை எழுதிவைத்த முதல் ஐரோப்பியர்களுள் அந்தோனியோ பிகஃபெத்தா முக்கியமானவர். மகெல்லனின் கப்பலில் வந்த இத்தாலியரான இவர், 1521இல் செபு தீவில் தங்கியிருந்தபோது அங்குள்ள மொழியின் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். பெரிய வாளுக்குக் கம்பிலான் என்றும், குத்துவாளுக்குக் கலிஸ், பலாதாவ் என்றும் அதில் குறித்துள்ளார். கத்திக்கான சொற்களுள் சுந்தாங் இடம்பெறுகிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இச்சொற்களில் மூன்று வழக்கில் உள்ளன.

1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் கடற்கரையில் லாப்புலாப்புவின் வீரர்கள் மகெல்லனைக் கொன்றனர். அந்த நாளைப் பற்றியும் பிகஃபெத்தாவே எழுதினார். மகெல்லனின் காலில் விழுந்த வெட்டு, துருக்கிய வளைவாளைப் போன்ற ஆனால் அதைவிடப் பெரிய ஒரு வாளால் விழுந்தது என்கிறார். அவ்விடத்தில் உள்ளூர்ப் பெயரைச் சொல்லவில்லை. இன்று பாடநூல்களும் ஓவியங்களும் அவ்வாளைக் கம்பிலான் என்றே காட்டுகின்றன. சொற்பட்டியலில் பெரிய வாளுக்கு அவர் தந்த பெயர் அதுவே என்பதால் இது நியாயமான ஊகம். ஆனால் ஊகம்தான். லாப்புலாப்புவின் வீரர் கையில் இருந்த வாளின் பிடி எப்படி இருந்தது என்பதற்குக் கண்ணால் கண்டவர் எழுதிய வரி ஏதும் இல்லை. பிற்கால மிண்டனாவோ கம்பிலானின் பிளந்த வாய்ப் பிடியை அவ்வாளில் பொருத்தி வரைவது ஓவியரின் உரிமை மட்டுமே.

வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1994இல் வெளியான 'பராங்கை' என்ற நூலில் பதினாறாம் நூற்றாண்டுச் சமூகத்தைப் பழைய ஸ்பானிய அகராதிகளின் துணையோடு விவரித்தார். பாதிரியார்கள் சமயப் பணிக்காகத் தொகுத்த அந்த அகராதிகளில் வாளின் உறுப்புகள், பிடி வகைகள், இரும்பின் தரம் ஆகியவற்றுக்கான சொற்களும் பதிவாகியுள்ளன. ஸ்காட்டின் நூலிலிருந்து தெளிவாகும் செய்தி ஒன்று உண்டு. நேரான, அலைவடிவான இருவகைக் கலிஸும் ஒருகாலத்தில் விசாயா தீவுகளிலும் அறியப்பட்டவை. இன்று கிரிஸ் வகை வாள் என்றவுடன் 'மோரோ வாள்' என்று முடிவு கட்டப்படுகிறது. ஸ்பானியர் ஆட்சி ஊன்றிய லூசோனிலும் விசாயாவிலும் போர்வாள் மெல்ல மறைந்து வேலைக்கத்தி நிலைத்தது. ஸ்பெயினால் முழுமையாக அடக்க முடியாத சூலு, மகிந்தனாவோ சுல்தான்களின் நாட்டில் வாள்மரபு தொடர்ந்தது. ஆகவே மோரோ வாள் என்னும் அடையாளத்தில் ஒரு பகுதி, பிற இடங்களில் அவ்வாள் அழிந்ததால் உருவானது. மோரோ என்ற பெயரும் வெளியார் வைத்ததே. ஸ்பானியர் தம் நாட்டில் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களைக் குறித்த சொல்லைக் கடல்தாண்டிக் கொண்டுவந்து இங்குள்ள முஸ்லிம்களுக்கும் சூட்டினர்.

சொல் பிறக்கும் விதம்

பிலிப்பைன்ஸ் மொழிகளின் இலக்கணம் சிறிது தெரிந்தால் பல வாட்பெயர்கள் தாமே பொருள் சொல்லும். தமிழில் ஒட்டுகள் சொல்லின் இறுதியில் சேரும். பிலிப்பைன்ஸ் மொழிகளில் சில ஒட்டுகள் சொல்லின் நடுவில் நுழையும். அவற்றுள் ஒன்று 'இன்'. முதல் மெய்க்கும் அதையடுத்த உயிருக்கும் இடையில் இது புகுந்து, 'அவ்வாறு ஆக்கப்பட்டது', 'அதைப் போன்றது' என்ற பொருளைத் தரும். குந்திங் என்றால் கத்தரிக்கோல். அதில் 'இன்' சேர்ந்தால் கினுந்திங். பனாய் தீவில் பெயர்பெற்ற இவ்வாளின் அலகு, கத்தரிக்கோலின் ஒரு பாதியைப் போல் முதுகு முனைநோக்கிச் சரிந்து இறங்கும். புத்தி என்றால் வெள்ளை. பினுத்தி என்றால் வெண்மையாக்கப்பட்டது. செபுவில் வழங்கும் இப்பெயர், தீட்டித் தீட்டி அலகு வெளுத்திருப்பதைக் குறிக்கும். பகோகோ ஒரு கடல்மீன். அம்மீனின் உடலைப் போல் வயிறு பருத்த அலகுடைய வாள் பினகோகோ. மினஸ்பாத் என்ற பீகோல் பகுதி வாளின் பெயரில் மஸ்பாதே தீவு மறைந்திருக்கிறது.

பனாபாஸ் வேறு வழியில் உருவான சொல். தபாஸ் என்றால் வெட்டுதல், சீவுதல். கருவியைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்து முதலெழுத்துக் கெட்டுப் பனாபாஸ் ஆயிற்று. மிண்டனாவோவில் வழங்கிய இந்த நீண்டபிடி வெட்டுவாளின் பெயருக்கு 'வெட்டுவது' என்பதற்குமேல் பொருள் இல்லை. தாஹோங் பாலாய் என்பது நெல்லின் இலை. ஒல்லியாக நீண்டு கூர்மையாக முடியும் தகலோக் வாளுக்கு இப்பெயர் பொருந்தும். பச்சைநிற நச்சுப்பாம்பு ஒன்றுக்கும் அதே பெயர் உண்டு.

இவை அனைத்தும் வடிவத்தையோ செயலையோ ஊரையோ சுட்டும் வருணனைப் பெயர்கள். அறிவியல் பகுப்பில் வரும் இனப்பெயர்கள் போன்று இவற்றைக் கையாள முடியாது. கத்தரிக்கோலை ஒத்த எந்த அலகையும் ஒரு கொல்லர் கினுந்திங் என்று சொல்லக்கூடும். சுந்தாங் என்ற சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செபுவில் அது சமையல்கட்டு வரை வரும் சாதாரண வெட்டுக்கத்தி. மலாய் உலகில் அதே சொல் இருபுறமும் கூருடைய பெரிய கிரிஸ் வாளைக் குறிக்கும். தென் மிண்டனாவோவின் டிபோலி மக்களிடம் சுடெங், கஃபிலான் என்ற வாள்கள் உண்டு. சுந்தாங், கம்பிலான் ஆகிய சொற்களே அவர்கள் நாவில் அவ்வாறு ஒலிக்கின்றன. ஆனால் டிபோலியர் வாள் மரனாவோ மக்களின் கம்பிலானைப் போல் இராது. பெயரைக் கொண்டு வாளைத் தேடினால் வழி தவறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிடி

அலகு கைமாறும், தேயும், முறிந்தால் மீண்டும் அடிக்கப்படும். பிடியின் செதுக்கு அந்தந்த ஊரின் கைப்பழக்கம். அதனால்தான் வாளின் பிறப்பிடம் தேடுவோர் முதலில் பிடியைப் பார்க்கின்றனர். அதிலும் உருவத்தைப் பார்ப்பதற்குமுன் அது அலகோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது பயன்தரும். லூசோன் வாள்கள் பலவற்றில் அலகின் இரும்பு வால் பிடி முழுதும் ஊடுருவி மறுமுனையில் வெளிவந்து, அடித்து மடக்கப்பட்டிருக்கும். விசாயா வாள்களில் வால் பிடியின் உள்ளேயே நின்று பிசினால் இறுக்கப்பட்டிருப்பது வழக்கம். விசாயா அலகுகள் பலவற்றின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் தச்சரின் உளியைப் போல் தீட்டப்பட்டிருக்கும். லூசோன் அலகுகளில் இருபக்கச் சரிவே மிகுதி. கைக்காப்பும் ஒரு குறிப்பு. விரல்களைச் சுற்றி வளையும் உலோகக் காப்பு ஸ்பானிய வாளிலிருந்து வந்தது. அது லூசோன் வாள்களில் அடிக்கடி காணப்படும். அலகில் ஸ்பானிய மொழியில் பெயரோ ஆண்டோ பொறித்த லூசோன் வாள்களும் உண்டு.

கைக்காப்புடைய லூசோன் வாள்களைச் சேகரிப்பாளர்கள் கத்திபுனான் வாள்கள் என்று அழைப்பதுண்டு. 1896இல் ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த புரட்சி இயக்கத்தின் பெயர் அது. எல்லாப் புரட்சியாளரும் அத்தகைய வாள் ஏந்தவில்லை, அத்தகைய எல்லா வாளும் புரட்சிக்காலத்தவையும் அல்ல. விற்பனைக்கு உகந்த பெயர் என்பதைத் தவிர இதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது.

விசாயாவின் செதுக்குப் பிடிகள் தனிச்சிறப்பு வாய்ந்தவை. எருமைக்கொம்பிலும் கடின மரத்திலும் செதுக்கப்பட்ட இவற்றில் திறந்த வாய், வெளிநீண்ட பல், சுருண்ட மூக்கு, உருண்டு விழிக்கும் கண் ஆகியவற்றைக் கொண்ட தலை ஒன்று காணப்படும். பனாய் தீவில் இத்தகைய பிடியுடைய வாளுக்குத் தெனெக்ரே என்ற பெயர் வழங்குகிறது. அதே வாளைச் சிலர் தாலிபோங் என்பர். வேறு சிலர் அடிப்பகுதி குறுகி நடுவில் வயிறு வைத்த அலகைத் தாலிபோங் என்றும், பிடியோடு சேர்த்துத் தெனெக்ரே என்றும் பிரிப்பர். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது வீண். ஒரு பெயர் அலகைப் பார்த்துப் பிறந்தது, மற்றொன்று பிடியைப் பார்த்து நிலைத்தது என்று கொள்வதே பொருத்தம்.

அப்பிடியில் உள்ள தலை யாருடையது என்பதில் கருத்துகள் பல. பகுனாவா என்று ஒரு விளக்கம் உண்டு. விசாயா நம்பிக்கையில் பகுனாவா நிலவை விழுங்கும் பெரும்பாம்பு. கிரகணத்தின்போது மக்கள் பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்பி அதைத் துப்பவைப்பர். கிரகணப் பாம்பின் கதை தமிழர்க்குப் புதிதன்று. தகலோக் மொழியில் கிரகணத்தோடு தொடர்புடைய லாஹோ என்ற சொல் ராகு என்னும் சமற்கிருதப் பெயரின் திரிபே. சில பிடிகளில் குதிரைத்தலையும், சிலவற்றில் மனித முகமும் தெளிவாகத் தெரிகின்றன. மேல்நாட்டுச் சேகரிப்பாளர் வழக்கில் இவை அனைத்தும் 'தெய்வப்பிடி' என்று ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. செதுக்கியவர் தெய்வத்தைத்தான் நினைத்தாரா, வீட்டுக் குதிரையை நினைத்தாரா என்பதைப் பிடி சொல்வதில்லை. 'திறந்த வாயும் சுருண்ட மூக்கும் உடைய தலை' என்று எழுதுவது சுவை குறைந்ததுதான். ஆனால் அது உண்மையாக இருக்கும்.

கம்பிலானின் பிடி எளிதில் மறக்கக்கூடியது அல்ல. ஒரு மீட்டர் அளவுக்கு நீளும் இவ்வாளின் அலகு பிடியருகே குறுகி முனைநோக்கி அகன்று செல்லும். முனையின் முதுகுப்பக்கத்தில் சிறு முள் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பிடியின் கோடி இரண்டாகப் பிளந்து, வாய்திறந்த விலங்கின் தலைபோல் அமையும். முதலை என்பர், நாகம் என்பர், இருவாய்ச்சிப் பறவை என்பாரும் உள்ளனர். பிடியில் மயிர்க்குஞ்சம் கட்டும் வழக்கமும் இருந்தது. மரனாவோ, மகிந்தனாவோ, இரனுன் மக்களிடையே இவ்வாள் பெரிதும் வழங்கியது. மரனாவோ செதுக்குக் கலைக்கு ஓகிர் என்று பெயர். கொடியும் பெரணி இலையும் சுருண்டு செல்லும் அக்கலையில் பாம்புருவக் கூறு நாகா என்றே அழைக்கப்படுகிறது. லனாவோ ஏரிக்கரையில் உள்ள துகாயா ஊர் இன்றும் பித்தளை வேலைக்கும் மரச்செதுக்குக்கும் பெயர்பெற்றது.

பாரோங், சூலு தீவுகளின் தௌசுக், சாமா மக்களுக்கும் பசிலான் தீவின் யாக்கான் மக்களுக்கும் உரிய வாள். இலைவடிவம், ஒருபக்கக் கூர், தடித்த முதுகு ஆகியவை இதன் அடையாளங்கள். அலகின் நீளம் 20 முதல் 56 சென்டிமீட்டர் வரை இருக்கும். பிடியின் கழுத்தில் வெள்ளியாலோ பித்தளையாலோ பூண் இருக்கும். கோடியில் கொண்டையோடும் அலகோடும் ஒரு பறவைத்தலை நீளும். இதையும் கலிஸின் பிடியையும் கக்கத்துவா என்பது சேகரிப்பாளர் வழக்கு. அது கொண்டைக்கிளியைக் குறிக்கும் மலாய்ச் சொல். பிலிப்பைன்ஸுக்கே உரிய கொண்டைக்கிளியை உள்ளூரார் கதாலா, அபுகாய் போன்ற பெயர்களால் அழைக்கின்றனர். காட்டில் அக்கிளி இன்று அழிவின் விளிம்பில் உள்ளது, எஞ்சியவற்றில் பெரும்பகுதி பலவான் தீவுப் பகுதியில் வாழ்கிறது. கொண்டையும் அலகும் மிகைப்படுத்தி நீட்டப்பட்ட ஆடம்பரப் பிடிகளுக்கு ஜுங்காயான் என்று பெயர். தந்தம், வெள்ளி, செம்பும் தங்கமும் கலந்த சுவாசா ஆகியவற்றால் அமைந்த இவை செல்வர்களுக்கும் தலைவர்களுக்கும் உரியவை. போரில் வீசுவதற்கு அத்தனை பெரிய கொண்டை இடைஞ்சல். அவையில் அமரும்போது இடுப்பில் தெரிவதற்கு அது ஏற்றது.

டிபோலி வாள்களின் பிடி மரத்தால் அன்றி மெழுகு அச்சில் வார்த்த பித்தளையால் ஆவது வழக்கம். பிடியின் ஓரங்களில் சிறு மணிகள் தொங்கும், நடக்கும்போது ஒலிக்கும். செபு ஏரிப் பகுதியில் இன்றும் வார்க்கப்படும் இவற்றை வெளிநாட்டு ஏலங்களில் மோரோ வாள் என்று விற்பதுண்டு. டிபோலியர் முஸ்லிம்கள் அல்லர். இஸ்லாத்துக்கும் கிறித்தவத்துக்கும் வெளியே நின்ற மிண்டனாவோ பழங்குடிகளுள் ஒருவர். அக்குடிகள் 1986 முதல் தம்மைப் பொதுவாக லுமாத் என்று அழைத்துக்கொள்கின்றனர்.

கலிஸின் கழுத்து

கலிஸின் காலத்தைக் கணிக்கப் பிடிக்குக் கீழே உள்ள ஓர் உறுப்பு உதவுகிறது. அலகின் அடியில் குறுக்காக அமையும் அகன்ற பகுதிக்குக் கங்யா என்று பெயர். பழைய கலிஸ்களில் அது தனியாக அடித்து அலகோடு பொருத்தப்பட்ட இரும்புத்துண்டு. உற்றுப் பார்த்தால் இணைப்பு தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் வந்த பலவற்றில் கங்யாவும் அலகும் ஒரே துண்டு. பழமை தோன்றுவதற்காக இணைப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் கீறப்பட்டிருக்கும். தேவை மறைந்தபின் தேவையின் தழும்பு அலங்காரமாக நிற்கிறது. கங்யாவின் ஒருபுறத்தில் யானைத் துதிக்கை போன்றும் பறவை அலகு போன்றும் தோன்றும் ஒரு வெட்டு உண்டு. அதன் வளைவைக் கொண்டு சூலுவில் அடித்ததா, மிண்டனாவோ பெருநிலத்தில் அடித்ததா என்று தேர்ந்தவர்கள் பிரித்துக் காண்கின்றனர்.

கங்யாவையும் பிடியையும் இறுக்கும் உலோகப்பட்டை அசாங்அசாங். சொல்லின் பொருள் மீனின் செவுள். ஒரு பட்டை உடையதும் இரு பட்டை உடையதும் உண்டு. சாவகத்துக் கிரிஸில் இப்பட்டை கிடையாது. அது குத்தும் கருவி, கலிஸ் வெட்டவும் குத்தவும் பயன்படும் வாள். வெட்டின் அதிர்ச்சியில் அலகு பிடிக்குள் சுழலாமல் இருக்க இப்பட்டை தேவைப்பட்டது.

பறிமுதலும் பட்டியலும்

மிண்டனாவோவிலும் சூலுவிலும் அமெரிக்கப் படைக்கும் மோரோ மக்களுக்கும் நடந்த மோதல்கள் 1913 வரை நீண்டன. 1906 மார்ச்சில் சூலுவின் புத் தாஹோ எரிமலை உச்சியில் தஞ்சமடைந்திருந்த பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1911 செப்டம்பரில் மோரோ மாகாண ஆளுநர் ஜான் பெர்ஷிங் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டார். எதிர்த்தவர்கள் 1913 ஜூனில் புத் பக்சாக்கில் முறியடிக்கப்பட்டனர். இந்த ஆண்டுகளில்தான் கலிஸ்களும் பாரோங்குகளும் கட்டுக்கட்டாகக் கடல் கடந்தன.

அவ்வாறு வாஷிங்டனில் சேர்ந்தவற்றை ஹெர்பர்ட் கிரீகர் 1926இல் அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தின் 137ஆம் வெளியீடாகப் பட்டியலிட்டார். பிலிப்பைன்ஸ் ஆயுதங்களுக்கான முதல் விரிவான பட்டியல் என்ற வகையில் அது இன்றும் பயன்படுகிறது. அதன் தலைப்பிலேயே 'ஆதிநிலை' என்ற அடைமொழி இருக்கிறது. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் 1934இல் வெளியிட்ட உலக ஆயுதச் சொல்லகராதியிலும் பிலிப்பைன்ஸ் பெயர்கள் இடம்பிடித்தன. இந்த இரு நூல்களில் வந்த எழுத்துக்கூட்டலும் வகைப்பாடும் பல பத்தாண்டுகளுக்குப் பிற பட்டியல்களுக்கு அடிப்படையாயின. ஒருமுறை அச்சேறிய பெயரைத் திருத்துவது கடினம். 1996இல் ராபர்ட் கேட்டோ எழுதிய 'மோரோ வாள்கள்' நூல், மோரோ என்ற ஒற்றைச் சொல்லை விட்டுத் தௌசுக், மரனாவோ, மகிந்தனாவோ, யாக்கான் என்று மக்கள் வாரியாகப் பார்க்கும் பழக்கத்தை வாசகரிடம் பரப்பியது.

அண்மைக் காலத்தில் வேறொரு திசையிலிருந்து பெயர்கள் இறுகி வருகின்றன. ஆர்னிஸ் என்னும் தற்காப்புக்கலை 2009இல் சட்டத்தின் வழி பிலிப்பைன்ஸின் தேசிய விளையாட்டாயிற்று. உலகெங்கும் அதைக் கற்போர் பயிற்சிக்கு வாள் வாங்குகின்றனர். வாங்குபவருக்குப் பெயர் வேண்டும். ஆகவே கினுந்திங் இப்படித்தான் இருக்கும், பினுத்தி இப்படித்தான் இருக்கும் என்று விற்பனைப் பட்டியல்கள் வகுத்துவிட்டன. கொல்லருக்கு இதனால் வேலை கிடைக்கிறது, அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நூறாண்டுப் பழமையான வாளை இன்றைய பட்டியலில் வைத்து அளக்கும்போது சிக்கல் வருகிறது. அப்பெயர்கள் அந்நாளில் அத்தனை இறுக்கமாக இல்லை.

பிடியும் எல்லா நேரமும் உண்மை சொல்லும் என்பதில்லை. உடைந்த பிடியை மாற்றுவது எந்த வாளின் வாழ்விலும் இயல்பு. மிண்டனாவோ அலகில் விசாயாப் பிடி ஏறியிருக்கலாம், வணிகத்தில் வந்த அலகுக்கு வாங்கியவர் தம் ஊர்ச் செதுக்கரிடம் தலை செய்திருக்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் படையினருக்கு விற்கவென்றே செய்யப்பட்டவற்றில் பிடியின் செதுக்கு ஆரவாரமாகவும் அலகு மெல்லிய தகடாகவும் இருக்கும். அலகும் பிடியும் பொருந்தாத வாளைப் போலி என்று உடனே ஒதுக்குவோரும் உண்டு. பிடியின் உட்புறத் தேய்மானம், பூணின் பொருத்தம், பிசினின் பழமை, உறையின் அளவு ஆகியவற்றைப் பார்த்தபின்னரே அது பிற்கால ஒட்டுவேலையா, இரு கைகளில் வாழ்ந்த வாளா என்று சொல்ல இயலும். இரண்டாவதாக இருந்தால் பதிவில் இரு மக்களின் பெயரும் இடம்பெற வேண்டும்.